இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குப் பின் நிறை குறையாமல் நிற்கும்போது செய்ய வேண்டியவை

உடற்பருமனுக்காக இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டு ஊர் திரும்பியவருக்கு முதல் இரண்டு வாரங்களில் நிறை மளமளவென்று இறங்கும். பிறகு ஒருநாள் தராசு ஓரிடத்தில் நின்று, வாரம் கடந்தும் அசையாது. சத்திரசிகிச்சை நிபுணர் கொழும்பில் இருப்பார், கிளிநொச்சியிலிருந்து அங்கே போக 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம் செய்ய வேண்டும், அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கும். இந்த இடைவெளியில் பலர் தாமாக எடுக்கும் முடிவு, ஏற்கெனவே சில கரண்டிகளுக்குச் சுருங்கிவிட்ட சாப்பாட்டை இன்னும் குறைப்பது. அந்த முடிவைத் தடுப்பதே இந்த வழிகாட்டியின் முதல் நோக்கம். நிறை ஏன் நிற்கிறது என்பது அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்றாம் வாரத்தில் நின்றால் பொறுமை போதும். எட்டாம் மாதத்தில் நின்றால் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் நிற்பது பெரும்பாலும் தேக்கமே அல்ல.

நிறையை ஒழுங்காகப் பார்த்தல்

தேக்கம் என்று முடிவுகட்டுவதற்கு முன் அளவு சரியானதா என்று பார்க்க வேண்டும். வீட்டில் ஒரு தராசு, கிளினிக்கில் ஒரு தராசு, மருந்துக்கடை வாசலில் ஒரு தராசு என்று மூன்றில் ஏறி இறங்கினால் மூன்று விதமான நிறை கிடைக்கும். ஒரே தராசைத் தெரிந்தெடுத்து, அதைச் சீமெந்துத் தரையில் வையுங்கள். சாணம் மெழுகிய மண்தரையிலோ பாயின் மேலோ வைத்தால் அது சரியாகக் காட்டாது. வாரத்தில் ஒரு நாள், காலையில் மலசலகூடம் போய்வந்த பின், எதுவும் உண்ணாமலும் குடிக்காமலும், ஒரே விதமான உடுப்புடன் ஏறி நின்று, வரும் எண்ணைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியுடன் எழுதுங்கள். ஒவ்வொரு நாளும் ஏறிப் பார்ப்பதால் மனம் குழம்புமே தவிர வேறு பயனில்லை. செயற்கைக் கால் பொருத்தியிருப்பவர்கள், வன்னியில் இவர்கள் ஒருவர் இருவர் அல்லர், எப்போதும் காலுடன் நிறுக்க வேண்டும், அல்லது எப்போதும் காலைக் கழற்றிவிட்டு நிறுக்க வேண்டும். உடல் மெலியும்போது செயற்கைக் காலின் கிண்ணப் பகுதி தளர்ந்துவிடுவதால், அதைத் திருத்துவிக்காமல் நடந்தால் புண் உண்டாகும் என்பதையும் அவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

நிறையுடன் இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். தையல் நாடாவை விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே சுற்றி, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். நிறை நின்றிருக்கும் வாரங்களில் இடுப்பு இரண்டு சென்ரிமீற்றர் குறைந்திருந்தால், உங்கள் உடலில் கொழுப்புக் கரைவது நிற்கவில்லை. நிறையும் சுற்றளவும் நான்கு வாரங்களுக்கு மேல் சேர்ந்து அசையாமல் இருந்தால் மாத்திரமே அதைத் தேக்கமாகக் கருதி, காரணம் தேடத் தொடங்குங்கள்.

மூன்றாம் வாரம்

சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில் வரும் தேக்கம் மிகப் பெரும்பாலானோருக்கு வருவது. இதன் காரணம் நீர். சாப்பாடு திடீரென்று குறையும்போது உடல் முதலில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்துவைத்திருக்கும் கிளைக்கோஜன் என்னும் மாச்சத்தைச் செலவழிக்கிறது. இந்தச் சேமிப்பு சுமார் 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்துவைத்திருக்கும். ஆகவே முதல் நாட்களில் வேகமாக இறங்கிய நிறையில் கணிசமான பங்கு இந்த நீராகும். பின்னர் உடல் புதிய நிலைக்குப் பழகி, இழந்த சேமிப்பில் ஒரு பகுதியை மீண்டும் நிரப்பும்போது நீரும் திரும்பி வருகிறது.

கணக்காகவே பாருங்கள். ஒருவரின் உடல் நாளொன்றுக்கு 1900 கலோரி செலவழிக்கிறது, அவர் உண்பதோ 700 கலோரி என்று வைத்துக்கொண்டால், 1200 கலோரி உடற்கொழுப்பிலிருந்து வர வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி உண்டு. எனவே நாளொன்றுக்குக் கரைவது 155 கிராம் அளவாகும். உடலில் அரை லீற்றர் நீர் கூடுதலாகத் தங்கினால், மூன்று நாள் கரைந்த கொழுப்பு தராசில் தெரியாமல் மறைந்துவிடும். கருவாட்டுக் குழம்பின் உப்பு, மாதவிடாய்க்கு முந்திய நாட்கள், மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி ஆகிய ஒவ்வொன்றும் அந்த அரை லீற்றரைத் தங்கவைக்கப் போதுமானவை.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. வைத்தியசாலையில் தந்த உணவு அட்டவணைப்படி, நீராகாரத்திலிருந்து மசித்த உணவுக்கும் அதிலிருந்து மென்மையான உணவுக்கும் உரிய காலத்தில் மாறுங்கள். நீராகாரத்துக்கே திரும்பிப் போய் நிறையை அசைக்க முயல வேண்டாம். நாளொன்றுக்கு ஆகக் குறைந்தது ஒன்றரை லீற்றர் நீர் அருந்துங்கள். ஆடி ஆவணி வெயிலில் வன்னியில் அதுவும் போதாது. ஒரேயடியாகக் குடிக்க இயலாது என்பதால் போத்தலைக் கையோடு வைத்து, சிறு மிடறுகளாக நாள் முழுவதும் குடிக்க வேண்டும். கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ அழைக்கும் உறவினர் தமக்குத் தெரிந்த ஒருவர் மூன்று மாதத்தில் எத்தனை கிலோ குறைந்தார் என்று சொல்லும்போது, அவருக்கு நடந்தது இரைப்பையைக் குழாய் வடிவில் ஒடுக்கும் சிகிச்சையா, குடலை மாற்றி இணைக்கும் பைபாஸ் சிகிச்சையா, அவரின் தொடக்க நிறை எவ்வளவு என்பவற்றைக் கேளுங்கள். இவை தெரியாத ஒப்பீட்டால் எந்தப் பயனும் இல்லை.

மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை

உண்மையாகத் தேடிப் பார்க்க வேண்டிய தேக்கம் இந்தக் காலத்தில் வருவது. குழாய் வடிவச் சிகிச்சையில் இரைப்பையின் சுமார் 75 முதல் 80 வீதம் அகற்றப்படுவதால், பசியைத் தூண்டும் கிறெலின் என்னும் சுரப்பும் பெருமளவு குறைகிறது; ஆனால் மாதங்கள் செல்லச் செல்லப் பசி ஓரளவு திரும்புகிறது, உணவும் இலகுவாக இறங்கத் தொடங்குகிறது. இதே காலத்தில், உடல் சிறிதாகிவிட்டதால் அதற்குத் தேவைப்படும் சக்தியும் குறைந்திருக்கும். 120 கிலோ உடலைச் சுமந்து நடக்கச் செலவான சக்தி 90 கிலோ உடலுக்குத் தேவையில்லை. தசை கரைந்திருந்தால் அந்தச் செலவு இன்னும் குறையும். சாப்பாட்டை மேலும் குறைப்பது பிழையாவதற்குக் காரணம் இதுதான்: புரதம் குறைய, தசை கரைகிறது, தசை கரைய, உடல் செலவழிக்கும் சக்தி குறைந்து தேக்கம் நீள்கிறது, முடி உதிர்வும் களைப்பும் உடன் வருகின்றன.

ஆகவே முதலில் புரதத்தைக் கணக்கிடுங்கள். பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் ஆகும். வெளிநாட்டிலிருந்து வரும் விலைகூடிய புரத மாப் பேணி இல்லாமலே இதை எட்டலாம் என்பது என் கருத்து. முல்லைத்தீவுக் கடலும் வன்னிக் குளங்களும் அருகிலிருக்க அதற்கு அவசியமில்லை. காலையில் ஒரு அவித்த முட்டையும் அரைக் கோப்பை அவித்த பயறும் எடுத்தால் 13 கிராம். பத்து மணிக்கு 25 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மாவைச் சீனியில்லாமல் கரைத்துக் குடித்தால் 9 கிராம் அளவில் கிடைக்கும். மதியம் முள் நீக்கிய 75 கிராம் விரால் அல்லது பாரையில் 15 கிராமுக்கு மேல் உண்டு. பின்னேரம் அரைக் கோப்பை அவித்த கடலை 7 கிராம். இரவு அதேயளவு கோழி இறைச்சி அல்லது இறால் எடுத்தால் மொத்தம் 60ஐத் தாண்டிவிடும். மச்சம் உண்ணாத வெள்ளிக்கிழமைகளில் சோயா மீற் கைகொடுக்கும். காய்ந்த நிலையில் அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி புரதம் என்பதால் 30 கிராமில் 15 கிராம் கிடைக்கும். கந்தசஷ்டி போன்ற தொடர் விரதங்களையும் நோன்பையும் முதல் வருடத்தில் வைத்தியரைக் கேட்காமல் பிடிக்க வேண்டாம்.

சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மேற்கூறிய புரத அளவு பொருந்தாமல் போகலாம். வவுனியா மாவட்டம் காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படும் இடங்களில் ஒன்று என்பதால், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிறியற்றினின் அளவை இரத்தத்தில் பார்க்காமல் புரதத்தைக் கூட்டுவது நல்லதல்ல. பைபாஸ் செய்தவர்களுக்குச் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் அதிகம். தண்ணீரைக் குறைத்தால் அது மேலும் கூடும்.

புரதத்தை எண்ணுவது போலவே, சாப்பிடும் ஒழுங்கையும் கவனியுங்கள். தட்டில் முதலில் மீன், முட்டை அல்லது பருப்பு. அடுத்து வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி போன்ற இலைக்கறி. இடம் மிஞ்சினால் மாத்திரம் இரண்டு மூன்று கரண்டிச் சோறு. நம் வழக்கப்படி சோற்றைக் குவித்துக் கறியை ஓரத்தில் வைத்தால், சோறு முடியும்போது வயிறு நிரம்பி மீன் மிஞ்சிவிடும். உணவுடன் தண்ணீர் குடிக்காமல், உண்ட பின் அரை மணிநேரம் கழித்துக் குடியுங்கள். சோற்றுக்கு மேல் சொதியை நிறைய விட்டுக் குழைத்து உண்பதும் உணவுடன் குடிப்பதற்குச் சமமே: தளர்வான உணவு இரைப்பையில் தங்காமல் இறங்கிவிடுவதால் சற்று நேரத்தில் மறுபடி இடம் உண்டாகிறது. மேலும், தேங்காய்ப்பாலின் கொழுப்பு முழுவதும் அதனுடன் உள்ளே போகிறது.

இனி எட்டாம் மாதத்தில் நிற்கும் தராசுக்கு மிகப் பொதுவான காரணத்தைச் சொல்கிறேன். அது குடிக்கும் கலோரி. இரண்டு தேக்கரண்டிச் சீனியும் ஒரு மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மாவும் சேர்ந்த ஒரு கோப்பைப் பால்தேத்தண்ணியில் 85 கலோரி அளவில் இருக்கும். வீட்டில் காலையும் பின்னேரமும், தோட்டத்தில் ஒன்று, விருந்தாளி வந்தால் ஒன்று, கடைவாசலில் ஒன்று என ஐந்து கோப்பை குடித்தால் 400 கலோரிக்கு மேல் சேர்கிறது. நாள் முழுவதும் 1000 கலோரி உண்ணும் ஒருவருக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் அதைச் சாப்பாடு என்று எவரும் எண்ணுவதில்லை. சோடா, பக்கற்றில் வரும் பால் பானங்கள், மால்ற் மா, பழச்சாறு, சீனி போட்ட இளநீர் எல்லாம் இதே கணக்கில் சேரும். மதுவும் கள்ளும் கலோரிக்காக மட்டுமன்றி வேறொரு காரணத்துக்காகவும் தவிர்க்கப்பட வேண்டியவை: இந்தச் சிகிச்சைக்குப் பின் மது முன்னரைவிட வேகமாக இரத்தத்தில் கலக்கும், போதையும் பழக்க அடிமைத்தனமும் இலகுவில் உண்டாகும்.

அடுத்தது கொறித்தல். இறைச்சித் துண்டு ஒன்றைச் சாப்பிட்டால் இரைப்பை நிறைந்து போதும் என்று சொல்லும். மிக்சர், முறுக்கு, பிஸ்கற் போன்றவை மாவாகக் கரைந்து நழுவி இறங்குவதால் அந்த எச்சரிக்கை வருவதில்லை. வற்றாப்பளைப் பொங்கலிலிருந்து கொண்டுவந்த கச்சான் பையை மடியில் வைத்துக்கொண்டு கதைத்தால் 100 கிராம் போவது தெரியாது; அதில் சுமார் 570 கலோரி இருக்கிறது. வறுத்த கச்சான் தேவையென்றால் ஒரு சிறிய கிண்ணத்தில் அளந்து எடுத்து, பையைக் கட்டி உள்ளே வையுங்கள். பிள்ளைகளின் தட்டில் மிஞ்சும் சோற்றைத் தாய்மார் வழித்து உண்பதும் இக்கணக்கில் எழுதப்படாத சாப்பாடே. பட்டினியைக் கண்ட தலைமுறையிடம் சோற்றைக் கொட்டச் சொல்வது எளிதல்ல. கோழிக்கோ நாய்க்கோ வைக்கலாம், அல்லது பிள்ளைக்கு முதலிலேயே குறைத்துப் பரிமாறி, கேட்டால் மறுபடி போடலாம்.

இவற்றில் எது உங்களுடையது என்று அறிய, மூன்று நாட்களுக்கு வாயில் போன அனைத்தையும், நேரத்துடன், உடனுக்குடன் எழுதுங்கள். இரவில் நினைவிலிருந்து எழுதினால் தேத்தண்ணி விடுபடும். அந்த மூன்று நாட்களில் ஒன்று ஞாயிற்றுக்கிழமையாகவோ விசேஷ வீட்டுக்குப் போன நாளாகவோ இருக்க வேண்டும். அந்தத் தாளை உங்கள் உணவு ஆலோசகரிடம் காட்டினால், அரை மணி நேரக் கேள்வியில் வெளிவராதது அதில் தெரியும்.

உடலுழைப்பு

நடை நல்லது, ஆனால் தசையைக் காப்பாற்ற நடை மட்டும் போதாது. சத்திரசிகிச்சை செய்த வைத்தியர் பாரம் தூக்க அனுமதித்த பின், பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்களுக்குப் பின், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைகளுக்கு வேலை கொடுங்கள். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழும்பி மெதுவாக இருப்பது, சுவரில் கை வைத்து உடலைத் தள்ளுவது, மணல் நிரப்பிய ஒரு லீற்றர் போத்தல்களை இரு கைகளிலும் தூக்கி இறக்குவது ஆகியவற்றுக்குக் காசும் தேவையில்லை, இடமும் தேவையில்லை. காலை இழந்தவர்கள் இந்தப் போத்தல் பயிற்சியைக் கதிரையில் இருந்தே செய்யலாம். நடப்பதற்கு இரணைமடு வாய்க்கால் வீதி போன்ற சமதரையான, ஆள் நடமாட்டமுள்ள இடத்தைத் தெரிந்தெடுங்கள். காட்டோரக் கிராமங்களில் விடியமுன் இருட்டில் நடக்கப் போக வேண்டாம். யானை வயலிலிருந்து காட்டுக்குத் திரும்பும் நேரம் அது.

புதிய பயிற்சியால் முழங்கால் நோகும்போது டைக்ளோஃபெனாக், இபுபுரொஃபென் போன்ற குளிசைகளைக் கடையில் கேட்டு வாங்கிவிட வேண்டாம். பைபாஸ் செய்தவர்களுக்கு இவை இணைப்புப் பகுதியில் புண்ணை உண்டாக்கும். உரிய அளவில் பரசிற்றமோல் எடுக்கலாம்.

குளிசைகளும் இரத்தப் பரிசோதனையும்

சாப்பாட்டில் எதுவும் அகப்படாவிட்டால் குளிசைப் பையைத் திறந்து பாருங்கள். இன்சுலின், கிளிபென்கிளமைட் போன்ற நீரிழிவு மருந்துகள் பழைய அளவிலேயே தொடர்ந்தால் இரத்தச் சீனி அடிக்கடி தாழ்ந்து, நடுக்கத்துக்கு இனிப்புத் தின்ன வேண்டியதாகி, நிறை நிற்கும். ஸ்டீரொயிட் மருந்துகள், அமிற்றிப்ரிலின், ஒலன்சப்பின், வல்புரோயேற், சில பிறஷர் குளிசைகள் ஆகியவையும் நிறையைக் கூட்டக்கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்தாமல், தொற்றா நோய்க் கிளினிக்கில் வைத்தியரிடம் அளவை மீளாய்வு செய்யக் கேளுங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால் அதற்கான பரிசோதனையையும் கேட்கலாம்.

நிறை நின்றாலும் இறங்கினாலும் விற்றமின்களை நிறுத்தக்கூடாது. கல்சியம் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை, பிரித்துப் பிரித்து எடுக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசைக்கும் அதற்கும் இடையில் இரண்டு மணிநேரமாவது இருக்க வேண்டும். முதல் வருடத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறையும் பின்னர் வருடந்தோறும் குருதிக்கலங்களின் எண்ணிக்கை, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின், விற்றமின் பி12, விற்றமின் டி ஆகியவற்றைப் பரிசோதியுங்கள். இவற்றுக்குக் கொழும்பு வரை போகத் தேவையில்லை. கிளிநொச்சி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் கிளினிக்குகளில் கேட்டு, அறிக்கைகளைத் திகதி வரிசையில் கோவையில் வைத்து, சத்திரசிகிச்சை நிபுணரிடம் போகும்போது கொண்டுபோகலாம். பேதியாக்கும் மூலிகைத் தேயிலைகளையும் இணையத்தில் விற்கும் மெலியவைக்கும் குளிசைகளையும் தொட வேண்டாம். அவை குறைப்பது நீரை. சிலவற்றில் தடைசெய்யப்பட்ட மருந்துகள் கலந்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

பெண்கள் கவனிக்க இன்னொன்று உண்டு. நிறை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்புக் கூடுகிறது. சிகிச்சைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. பைபாஸ் செய்தவர்களில் கருத்தடைக் குளிசை முழுமையாக உறிஞ்சப்படாமல் போகலாம். ஆகவே நின்ற நிறை கூடத் தொடங்கி மாதவிடாயும் தள்ளிப்போயிருந்தால், சாப்பாட்டைக் குறைப்பதற்கு முன் கர்ப்பப் பரிசோதனையைச் செய்யுங்கள்.

ஒன்றரை வருடத்துக்குப் பின்

பெரும்பாலானோரின் நிறை 12 முதல் 18 மாதங்களுக்குள் அதன் மிகக் குறைந்த புள்ளியை அடைகிறது. சிலருக்கு இரண்டு வருடம் செல்லும். குழாய் வடிவச் சிகிச்சையில் தொடக்க நிறையின் 25 முதல் 30 வீதம் வரை குறைவது சராசரி விளைவாகும். 160 சென்ரிமீற்றர் உயரமும் 120 கிலோ நிறையும் கொண்ட ஒருவர் 84க்கும் 90க்கும் இடையில் வந்து நின்றால், சத்திரசிகிச்சை தன் வேலையைச் செய்திருக்கிறது. உயரத்துக்குரிய நிறை என்று சுவரொட்டியில் போட்டிருக்கும் 64 கிலோவை எட்டவில்லை என்பதற்காக அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. நீரிழிவு மருந்து குறைந்ததா, பிறஷர் இறங்கியதா, குறட்டையும் மூச்சுத் திணறலும் விட்டனவா, நெல் மூடைக்குப் பக்கத்தில் நிற்காமல் களம் முழுக்க நடக்க முடிகிறதா என்பவற்றையும் அந்த எண்ணுடன் வைத்துப் பாருங்கள். இதற்குப் பின் சில கிலோ திரும்பி ஏறுவதும் பொதுவானதே.

ஆனால், குறைந்த நிறையில் பெரும்பங்கு திரும்பி ஏறிக்கொண்டிருந்தால், அல்லது முன்போல் பெரிய தட்டுச் சாப்பாடு தடையின்றி இறங்கினால், நிபுணரிடம் போக வேண்டும். இரைப்பைக் குழாய் விரிந்திருக்கலாம். பைபாஸில் பிரித்துவைத்த இரைப்பைப் பகுதிகளுக்கிடையே துவாரம் உண்டாகியிருக்கலாம். உள்நோக்குக் கருவியாலும் எக்ஸ்கதிர்ப் படத்தாலும் இதை அறியலாம். அதன் பின்னரே லிராகுளுரைட், செமாகுளுரைட் போன்ற பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளா, மறுசத்திரசிகிச்சையா என்று அவர் தீர்மானிப்பார். இந்த ஊசிகளைத் தெரிந்தவர் மூலம் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துத் தாமே போட்டுக்கொள்வது ஆபத்தானது.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

நிறை நிற்பதற்குக் காத்திருக்கலாம். பின்வருவனவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. முதல் வாரங்களில் காய்ச்சலுடன் வயிற்றுவலியும் வேகமான நெஞ்சுத்துடிப்பும், ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூட இறங்காமை, இரத்த வாந்தி, கறுப்பு நிற மலம், ஒரு கால் மட்டும் வீங்குதல், திடீர் மூச்சுத் திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும் அருகிலுள்ள வைத்தியசாலைக்கு உடனே போங்கள். பல நாட்களாக வாந்தி தொடர்ந்து, கால் விறைத்து, நடை தள்ளாடி, பார்வை இரண்டாகத் தெரிந்தால் அது தயமின் எனப்படும் விற்றமின் பி1 குறைபாடாக இருக்கலாம். அந்த நிலையில் களைப்புக்கு என்று குளுக்கோஸ் சேலைனை மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகும். தயமினை அதற்கு முன்னரோ அதனுடனோ கொடுக்க வேண்டும். கடமையிலிருக்கும் வைத்தியர் உங்களை முன்பின் அறியாதவராக இருப்பார் என்பதால், எந்த வகைச் சத்திரசிகிச்சை, எந்தத் திகதியில், எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டும் வெளியேற்ற அட்டையின் பிரதியொன்றைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள். அதன் படத்தை வீட்டில் இன்னொருவரின் கைத்தொலைபேசியிலும் வைத்திருங்கள்.